விடுதி மணியும் வகுப்பறையும்: இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பெண்கள் கல்லூரி வாழ்க்கை

(அதிராம்பட்டினத்தில் நிகழ்த்திய சொற்பொழிவின் அச்சு வடிவம்)

இன்றைய பொருள், இருபதாம் நூற்றாண்டின் முதல் முப்பது ஆண்டுகளில் தமிழ்நாட்டுப் பெண்கள் கல்லூரிகளில் நடந்த அன்றாட வாழ்க்கை. யார் படிக்க வந்தார்கள்? எந்த வழியாக வந்தார்கள்? எங்கே தங்கினார்கள், என்ன உண்டார்கள், எதைப் படித்தார்கள், மாலையில் எங்கே நடந்தார்கள்? கல்லூரி வரலாறு என்றால் முதல்வர்களின் பெயர்களும் கட்டடத் திறப்பு விழாக்களும் என்றே பெரும்பாலும் எழுதப்படுகிறது. அந்த வரலாற்றுக்குள்ளே ஒரு சமையலறை உண்டு. ஒரு வண்டி உண்டு. இரவில் எரிந்த ஒரு விளக்கு உண்டு. பெண்களின் உயர்கல்வி நிலைத்தது அவற்றால்தான்.

முதலில் காலத்தைப் பார்க்க வேண்டும். 1911 ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கின்படி இந்தியாவில் எழுதப் படிக்கத் தெரிந்த பெண்கள் ஏறத்தாழ நூற்றுக்கு ஒருவர். மேல்சாதிக் குடும்பங்கள் பலவற்றில் பெண்ணுக்குப் பத்துப் பன்னிரண்டு வயதில் திருமணம் முடிந்துவிடும். பெண்ணின் திருமண வயது பதினான்கு என்று சாரதா சட்டம் சொன்னதே 1929 இல்தான். கல்லூரியில் சேரும் வயதோ பதினாறு, பதினேழு. அந்த வயதில் ஒரு பெண் மாமியார் வீட்டு அடுப்படியில் இருந்தாள். பிறகு யார்தான் கல்லூரிக்கு வந்திருக்க முடியும்?

நான்கு வாசல்கள் திறந்திருந்தன. கிறிஸ்தவக் குடும்பங்களில் திருமணம் சற்றுத் தாமதமாக நடந்தது. மிஷன் பள்ளிகள் அந்தப் பெண்களைப் பள்ளி இறுதி வகுப்புவரை கொண்டுவந்திருந்தன. மலபாரின் நாயர், தீயர் குடும்பங்கள் பெண்ணைப் படிக்க வைக்கத் தயங்கவில்லை. ஆங்கிலோ இந்தியப் பெண்களுக்கு ஆங்கிலம் வீட்டு மொழியாக இருந்தது. நான்காவது வாசல் துயரத்தின் வாசல்: சிறு வயதிலேயே கணவனை இழந்த பெண்கள். குடும்பத்துக்குப் பாரம் என்று ஒதுக்கப்பட்டவர்களுக்குப் புத்தகம் ஒரு பிழைப்பைத் தந்தது.

பெண்களுக்கென்று கல்லூரி வருவதற்கு முன்பும் சில பெண்கள் படித்தார்கள். சென்னை மருத்துவக் கல்லூரி 1875 இலேயே மேரி ஷார்லீப் உள்ளிட்ட நான்கு பெண்களைச் சேர்த்துக்கொண்டது. பாளையங்கோட்டையில் 1858 முதல் வளர்ந்த சாரா டக்கர் பள்ளி, 1890களின் நடுவில் கல்லூரி நிலைக்கு உயர்ந்தது. தென்னிந்தியாவில் பெண்களுக்கென ஏற்பட்ட முதல் கல்லூரி அதுவே. தம் பெயர் அங்கே நிலைக்கும் என்று சாரா டக்கர் நினைத்திருக்க மாட்டார். அவர் இங்கிலாந்தில் வாழ்ந்தவர். இந்தியாவுக்கு வந்ததே இல்லை.

ஆண்கள் கல்லூரியில் தனி ஒரு பெண்ணாகப் படிப்பது எப்படி இருந்தது? புதுக்கோட்டையின் முத்துலட்சுமியைப் பார்க்கலாம். மகாராஜா கல்லூரியில் சேர அவர் மனுச் செய்தபோது எதிர்ப்பு எழுந்தது. ஒரு பெண் வந்தால் பையன்கள் கெட்டுவிடுவார்கள் என்று பெரியவர்கள் சொன்னார்கள். மன்னர் மார்த்தாண்ட பைரவத் தொண்டைமான் குறுக்கிட்டு அனுமதி கொடுத்த பிறகே கல்லூரிக் கதவு திறந்தது. அந்தப் பெண் 1912 இல் மருத்துவப் பட்டம் பெற்றார். டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி என்று நாடறிய வாழ்ந்தார். ஆனால் ஒவ்வொரு பெண்ணுக்கும் ஒரு மன்னர் குறுக்கிட முடியுமா? முடியாது. அதனால்தான் பெண்களுக்கென்று தனிக் கல்லூரி தேவைப்பட்டது.

அந்தத் தேவைக்கு 1914 இல் விடை வந்தது. அந்த ஆண்டு ஜூலை 14 ஆம் நாள் சென்னைக் கடற்கரைச் சாலையில், கேப்பர் இல்லம் என்ற பழைய மாளிகையில், அரசு ஒரு பெண்கள் கல்லூரியைத் திறந்தது. அதற்கு முன்பு அந்த மாளிகை ஹோட்டலாக இருந்தது. முதல் ஆண்டு மாணவிகள் 37 பேர். முதல்வர் டோரதி டி லா ஹே என்ற ஆங்கிலப் பெண்மணி. மதராஸ் பெண்கள் கல்லூரி என்று தொடங்கியது 1917 இல் இராணி மேரிக் கல்லூரி என்று பெயர் மாறியது.

மறு ஆண்டு, 1915 ஜூலை 7 ஆம் நாள், கீழ்ப்பாக்கத்தில் ஒரு வாடகை வீட்டில் பெண்கள் கிறிஸ்தவக் கல்லூரி பிறந்தது. பிரிட்டன், அமெரிக்கா, கனடா நாடுகளின் பன்னிரண்டு மிஷன் சங்கங்கள் சேர்ந்து அதை நடத்தின. மாணவிகள் 41 பேர். ஆசிரியர்கள் ஏழு பேர். முதல்வர் எலினர் மக்டூகல், லண்டன் வெஸ்ட்ஃபீல்டு கல்லூரியில் பாடம் சொன்னவர். அடுத்த ஆண்டே கல்லூரி நுங்கம்பாக்கத்தில் கூவம் கரையோரமிருந்த டவ்டன் இல்லத்துக்கு இடம் மாறியது. இன்றும் அங்கேதான் இருக்கிறது.

முப்பத்தேழும் நாற்பத்தொன்றும் சேர்ந்தால் எழுபத்தெட்டு. தமிழ், தெலுங்கு, மலையாளம், கன்னடம் என நான்கு மொழி பேசிய ஒரு பெரிய மாகாணத்தின் தலைநகரில், இரண்டு பெண்கள் கல்லூரிகளின் தொடக்கக் கணக்கு அவ்வளவுதான். இன்று ஒரு வகுப்பில் அத்தனை பேர் இருப்பார்கள்.

இனி ஊரிலிருந்து கல்லூரிவரை வரும் வழியைப் பார்க்கலாம். காவிரிப் படுகையின் தென்கோடியிலிருந்து ஒரு பெண் சென்னைக்குப் படிக்கப் போக வேண்டும் என்றால் எப்படிப் போவாள்? தஞ்சை ஜில்லா போர்டு தன் சொந்தப் பணத்தில் போட்ட ரயில் பாதை மாயவரத்திலிருந்து முத்துப்பேட்டைக்கு 1894 இல் வந்தது. 1902 இல் அது அதிராம்பட்டினம் வழியாகப் பட்டுக்கோட்டையை எட்டியது. நெல்லும் உப்பும் ஏற்றிய அந்தப் பாதை மனிதர்களையும் ஏற்றியது. அதிராம்பட்டினத்தில் ஏறினால் திருவாரூர், மாயவரம். மாயவரத்தில் வண்டி மாறினால் சிதம்பரம், கடலூர், விழுப்புரம் வழியாகச் சென்னை. 1908 இல் கட்டி முடித்த எழும்பூர் நிலையத்தில் இறங்கினால், அங்கிருந்து கல்லூரிக்கு ஜட்கா வண்டி.

பாதை இருந்தது, வண்டி இருந்தது. துணைக்கு யார்? பெண் தனியாகப் போகும் வழக்கமில்லை. தந்தையோ, அண்ணனோ, மாமனோ கொண்டுபோய் விட வேண்டும். விடுமுறைக்கு வந்து அழைத்துப்போக வேண்டும். ஓர் ஆண் தன் வேலையை விட்டு நாள்கணக்கில் பயணம் செய்யத் தயாராக இருந்தால்தான் ஒரு பெண் படிக்க முடிந்தது. கூடவே வந்தது ஒரு டிரங்குப் பெட்டி, ஒரு ஜமுக்காளச் சுருட்டு, ஒரு கூஜா. அந்தப் பெட்டிதான் அவள் தனக்கென்று பூட்டிச் சாவி வைத்துக்கொண்ட முதல் பொருளாகப் பல சமயம் இருந்தது.

பெட்டியை இறக்கி வைத்த இடம் விடுதி. அந்த நாளைய பெண்கள் கல்லூரிக்கு விடுதியே அடித்தளம். பகலில் வந்து மாலையில் வீடு திரும்பிய உள்ளூர்ப் பெண்களும் உண்டு. அவர்களைத் திரைபோட்ட வண்டிகள் ஏற்றி வந்தன. சிலர் டிராமில் வந்தார்கள். ஆனால் நெல்லூரிலிருந்தும் கோழிக்கோட்டிலிருந்தும் திருநெல்வேலியிலிருந்தும் தஞ்சாவூரிலிருந்தும் வந்த பெண்ணுக்கு உறங்க ஓர் இடம் இல்லையென்றால் வகுப்பறை இருந்து என்ன பயன்? இராணி மேரி வளாகத்தில் எழுந்த புதிய கட்டடங்களின் வரிசையே இதைச் சொல்லும். ஆளுநர் பென்ட்லண்ட் பிரபு பெயரில் ஒன்று, ஸ்டோன் பெயரில் ஒன்று, ஜெயப்பூர் ஜமீன் பெயரில் ஒன்று என 1920களின் தொடக்கத்துக்குள் மூன்று இல்லங்கள் எழுந்துவிட்டன. மாணவிகள் பெருகப் பெருக இடமும் பெருகியாக வேண்டியிருந்தது.

அங்கே ஒரு நாள் எப்படி நடந்தது? மணி எழுப்பியது. மணி குளிக்க அனுப்பியது. மணி உண்ண அழைத்தது, வகுப்புக்கு அனுப்பியது, விளக்கணைக்கச் சொன்னது. வீட்டில் பெண்ணின் பொழுது மற்றவர்களின் பசியைப் பொறுத்து நகர்ந்தது. அப்பா எப்போது உண்பார், தம்பி எப்போது வருவான், பாட்டிக்கு எப்போது வெந்நீர் என்பதே அவளுடைய கடிகாரம். விடுதியில்தான் முதல்முதலாகப் படிப்புக்கென்று ஒரு நேரம் ஒதுக்கப்பட்டது. அந்த நேரத்தில் அவளைத் தண்ணீர் கொண்டுவரச் சொல்ல யாரும் இல்லை. இந்த ஒரு மாற்றம் எத்தனை பெரியது என்பதை வீட்டில் படித்துப் பார்த்த பெண்கள் அறிவார்கள்.

காலையில் குளியலும் வழிபாடும். கிறிஸ்தவக் கல்லூரியில் கூட்டு ஜெபம். அரசுக் கல்லூரியில் அவரவர் வழிபாடு அவரவர்க்கு. பிறகு தலைவாருதல். நீண்ட கூந்தலைப் பின்னிப் பூ வைத்துக்கொள்வது தோழிகளின் கைவேலை. உடையில் மாகாணம் முழுவதும் தெரிந்தது. தஞ்சாவூர், கும்பகோணம் பக்கத்து மணமான பிராமணப் பெண் ஒன்பது கஜப் புடவையில் வந்தாள். மலபார்ப் பெண் வெள்ளை முண்டில் வந்தாள். ஆங்கிலோ இந்தியப் பெண் கவுன் அணிந்தாள். கிறிஸ்தவப் பெண்கள் கை நீண்ட ரவிக்கையும் புடவையும் உடுத்தினார்கள். காலப்போக்கில் ஆறு கஜப் புடவை பலருக்கும் பொது உடையாயிற்று. ஓடவும், படியேறவும், பூப்பந்து ஆடவும் அது தோதாக இருந்தது.

வகுப்புகளுக்கு வரலாம். இரண்டு ஆண்டு இன்டர்மீடியட், அதன்மேல் இரண்டு ஆண்டு பி.ஏ. என்பது சென்னைப் பல்கலைக்கழகத்தின் அன்றைய ஏற்பாடு. பாடமொழி ஆங்கிலம். இரண்டாம் மொழியாகத் தமிழோ தெலுங்கோ மலையாளமோ வடமொழியோ படித்தார்கள். ஆங்கிலத்துக்கும் வரலாற்றுக்கும் பெண் ஆசிரியர்கள் கிடைத்தார்கள். மொழிப் பாடங்களுக்கோ பெரும்பாலும் பண்டிதர்களான ஆண்களே வந்தார்கள். கேள்வி கேட்கும் பழக்கம் மெல்லத்தான் வந்தது. பெரியவர் முன் வாய் திறக்காமல் வளர்ந்த பெண், எழுந்து நின்று தன் கருத்தைச் சொல்ல வேண்டியிருந்தது. அதையும் ஆங்கிலத்தில் சொல்ல வேண்டியிருந்தது. முதல் ஆண்டில் பல பெண்களுக்கு இதுவே பெரிய பாடம்.

அறிவியல் பாடத்தில் ஒரு குறை இருந்தது. தொடக்க ஆண்டுகளில் பெண்கள் கல்லூரிகளின் ஆய்வகங்கள் சிறியவை. சிறப்புப் பட்டம் வேண்டுமென்றால் மாநிலக் கல்லூரிக்குத்தான் போக வேண்டும். தலச்சேரியில் பிறந்த ஜானகி அம்மாள் அப்படிப் போனவர். இராணி மேரியில் பட்டம் பெற்று, மாநிலக் கல்லூரியில் 1921 இல் தாவரவியல் ஆனர்ஸ் முடித்தார். பிறகு பெண்கள் கிறிஸ்தவக் கல்லூரியில் பாடம் சொன்னார். உதவித்தொகை பெற்று அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழகத்துக்குச் சென்று 1931 இல் டாக்டர் பட்டம் பெற்றார். திரும்பி வந்து கோயம்புத்தூர் கரும்பு இனப்பெருக்க நிலையத்தில் கரும்பின் மரபணு ஆராய்ச்சி செய்தார். மாணவியாக இருந்தவர் ஆசிரியராகி, ஆசிரியர் அறிஞராகி, அறிஞரின் உழைப்பு வயலுக்கு வந்த வரலாறு இது.

ஆய்வகம் போதாத குறையை உள்நாட்டு நிதி மட்டும் தீர்க்கவில்லை. 1920களின் தொடக்கத்தில் அமெரிக்கப் பெண்கள் ஆசியாவின் ஏழு பெண்கள் கல்லூரிகளுக்காக நிதி திரட்டினார்கள். ராக்ஃபெல்லர் அறநிதியும் கைகொடுத்தது. அந்த ஏழில் இரண்டு தமிழ்நாட்டில் இருந்தன: ஒன்று சென்னைப் பெண்கள் கிறிஸ்தவக் கல்லூரி, மற்றொன்று ஐடா ஸ்கடர் 1918 இல் வேலூரில் தொடங்கிய பெண்கள் மருத்துவப் பள்ளி.

அடுத்து, எல்லாரும் கேட்க நினைப்பது: சாப்பாடு! அந்தக் கால விடுதியில் மிகச் சிக்கலான துறை சமையலறை. பிராமணப் பெண்ணுக்குத் தனிச் சமையல், தனிப் பந்தி. பிராமணரல்லாத இந்துக்களுக்கு வேறு பந்தி. கிறிஸ்தவர்களுக்கு இன்னொன்று. அரசு விடுதிகளில் இந்தப் பிரிவினை வெளிப்படையாகவே இருந்தது. இப்படிச் செய்யாவிட்டால் பெற்றோர் பெண்ணை அனுப்பமாட்டார்கள் என்று நிர்வாகம் கணக்குப் போட்டது. காலையில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து ஒரே புத்தகத்தைப் பார்த்துப் படித்தவர்கள், மதியம் ஒருவர் கண்ணில் மற்றவர் படாமல் உண்டார்கள்.

இது நியாயமா? நியாயமில்லை. ஆனால் இந்தப் பிரிவினைக்குள்ளேயே ஒரு மாற்றமும் வேலை செய்தது. அறையில் ஊறுகாய் பாட்டில் கைமாறியது. ஊரிலிருந்து வந்த முறுக்கும் சீடையும் சாதி பார்க்கவில்லை. காய்ச்சலில் கிடந்த தோழிக்குக் கஞ்சி கொண்டுபோன பெண், தான் எந்தப் பந்தி என்று யோசித்துக்கொண்டு நிற்கவில்லை. பந்திச் சுவர் இடிய இன்னும் பல ஆண்டுகள் ஆயின. அதில் முதல் விரிசல் விழுந்தது விடுதி அறைகளில்தான்.

இங்கே ஒரு தனிச் செய்தியைச் சொல்லியாக வேண்டும். அது தஞ்சை மண்ணோடு தொடர்புடையது. தஞ்சாவூர் ஜில்லா ரிஷியூரைப் பூர்விகமாகக் கொண்ட குடும்பத்தில் 1886 இல் பிறந்தவர் சுப்புலட்சுமி. சிறு வயதிலேயே திருமணம். சிறிது காலத்திலேயே கணவர் இறந்தார். தந்தை சுப்பிரமணிய ஐயர் மகளை மூலையில் உட்கார வைக்கவில்லை; படிக்க வைத்தார். 1911 இல் மாநிலக் கல்லூரியில் பி.ஏ. முடித்தார். சென்னை மாகாணத்தில் பட்டம் பெற்ற முதல் இந்துப் பெண் அவர். ஊரார் அவரைச் சகோதரி சுப்புலட்சுமி என்றே அழைத்தார்கள்.

பட்டம் பெற்றவர் வீட்டோடு இருந்துவிடவில்லை. எழும்பூரில் தங்கள் வீட்டிலேயே நான்கு இளம் விதவைப் பெண்களை வைத்துக்கொண்டு ஓர் இல்லம் தொடங்கினார். அது வளர்ந்து கடற்கரையிலிருந்த ஐஸ் ஹவுஸுக்கு வந்தது. அமெரிக்காவிலிருந்து கப்பலில் வந்த பனிக்கட்டியைச் சேர்த்து வைக்கக் கட்டிய கட்டடம் அது. 1897 இல் விவேகானந்தர் தங்கிய இடமும் அதுவே. அங்கிருந்து இராணி மேரிக் கல்லூரி நடந்துபோகும் தூரம். பள்ளிப் படிப்பு முடித்த விதவைப் பெண்கள் அந்தக் கடற்கரைச் சாலையில் நடந்து கல்லூரிக்குப் போனார்கள். எதிரே வந்தால் சகுனம் கெட்டது என்று எந்தப் பெண்ணை ஊர் ஒதுக்கியதோ, அந்தப் பெண் கையில் புத்தகத்தோடு பகல் வெளிச்சத்தில் தெருவில் நடந்தாள். அவர்களில் பலர் ஆசிரியைகளாகி மாகாணம் முழுவதும் பெண் பள்ளிகளை நடத்தினார்கள். 1922 இல் தொடங்கிய லேடி வெலிங்டன் ஆசிரியப் பயிற்சிக் கல்லூரிக்குச் சுப்புலட்சுமியே தலைமை தாங்கினார்.

மாலைப் பொழுது எப்படிப் போனது? நான்கு மணிக்குமேல் விளையாட்டு. பூப்பந்தும் டென்னிஸும் கூடைப்பந்தும் ஆடினார்கள். புடவைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு ஆடினார்கள். வயதுக்கு வந்த பெண் ஓடக் கூடாது, உரக்கச் சிரிக்கக் கூடாது என்று கேட்டு வளர்ந்தவர்கள், மதிலுக்குள் ஓடினார்கள், உரக்கச் சிரித்தார்கள். இராணி மேரி மாணவிகளுக்கு எதிரே கடல். துணையோடு, குழுவாக, குறித்த நேரத்துக்குள் திரும்ப வேண்டும் என்ற கட்டுப்பாட்டோடு மணலில் நடந்தார்கள்.

அந்தக் கடலே ஒருமுறை அச்சத்தையும் கொண்டுவந்தது. 1914 செப்டம்பர் 22 ஆம் நாள் இரவு எம்டன் என்ற ஜெர்மன் கப்பல் சென்னைத் துறைமுகத்தருகே எண்ணெய்க் கிடங்குகளைக் குண்டு வீசிக் கொளுத்தியது. மக்கள் கூட்டம் கூட்டமாக நகரைவிட்டு வெளியேறினார்கள். அப்போது இராணி மேரிக் கல்லூரி தொடங்கி இரண்டு மாதமும் சில நாளும்தான். பெண்ணைக் கடற்கரையில் படிக்க விட்டிருந்த பெற்றோரின் மனநிலை எப்படி இருந்திருக்கும்? அதையும் தாண்டிக் கல்லூரி நிலைத்தது.

இரவு உணவுக்குப் பின் படிப்பு நேரம். வரிசை வரிசையாக மேசைகள், நடுவே விளக்கு, பேச்சு கூடாது. படிப்புக்கு நடுவே எழுதியவை கடிதங்கள். ஊருக்குக் கார்டு போட்டால் வீட்டில் ஒருவர் உரக்கப் படிக்க மற்றவர்கள் கேட்பார்கள். ஆகவே எழுதுவது நலச் செய்தி மட்டும். பார்க்க வரும் ஆண்கள் யார் யார் என்று பெற்றோர் எழுதிக் கொடுத்த பட்டியல் வார்டனிடம் இருக்கும். அதில் பெயர் இல்லாதவர் அண்ணன் முறை என்று சொன்னாலும் வாசலோடு திரும்ப வேண்டியதுதான். கட்டுப்பாடு கடுமையானது. அந்தக் கட்டுப்பாட்டை நம்பித்தான் பெற்றோர் பெண்ணை அனுப்பினார்கள் என்பதும் உண்மை.

வகுப்புக்கு வெளியே ஓர் உலகம் வளர்ந்தது. சொற்போர் மன்றம், நாடகக் குழு, இயற்கை ஆர்வலர் குழு எனப் பல சங்கங்கள் தோன்றின. நாடகத்தில் அரசனும் சேவகனும் வில்லனும் பெண்களே. சங்கத்தின் செயலாளர் பெண், பொருளாளர் பெண், கணக்கு எழுதியவர், தீர்மானம் படித்தவர், தலைமை தாங்கியவர் எல்லாரும் பெண்கள். ஒரு கூட்டத்தை நடத்துவது எப்படி என்று அவர்கள் கற்றது அங்கேதான். கிறிஸ்தவக் கல்லூரி மாணவிகள் அக்கம்பக்கத்து ஏழைக் குழந்தைகளுக்கு எழுத்துச் சொல்லிக் கொடுத்தார்கள். கர்நாடக இசையைப் பாடமாக வைத்த முன்னோடிக் கல்லூரிகளில் இராணி மேரி ஒன்று, இசையறிஞர் பி. சாம்பமூர்த்தி அங்கே ஆசிரியராக இருந்தார். பாட்டு என்றால் பெண் பார்க்க வருகிறவர்கள் முன்னால் பாடிக் காட்டுவது என்றிருந்த நிலை மாறி, அது தேர்வெழுதும் கல்வியாயிற்று.

மதிலுக்கு வெளியே நாடும் மாறிக்கொண்டிருந்தது. 1917 இல் அடையாற்றில் இந்திய மாதர் சங்கம் தொடங்கியது. 1921 இல் சென்னை மாகாணச் சட்டமன்றம் பெண்களுக்கு வாக்குரிமை வழங்கியது. சொத்துத் தகுதி உள்ளவர்களுக்கு மட்டுமே என்றாலும் இந்தியாவில் மாகாணச் சட்டமன்றம் ஒன்று அதைச் செய்தது அதுவே முதல்முறை. 1927 இல் டாக்டர் முத்துலட்சுமி அதே சட்டமன்றத்தில் துணைத் தலைவரானார். விடுதிச் சங்கத்தில் வாக்குச்சீட்டு மடித்துப் போட்ட பெண்கள், சட்டமன்றத்தில் ஒரு பெண் அமர்ந்ததை நாளிதழில் படித்தார்கள்.

ஆண்டின் முடிவில் தேர்வு. தோல்வி அந்தக் காலத்தில் சாதாரணம். ஆங்கிலத்தில் விழுந்தவர்கள் பலர். இரண்டாம் முறை எழுத வீட்டார் ஒப்புக்கொள்வார்களா என்பதே பெண்ணின் கவலை. பையன் தோற்றால் மறுபடி எழுதுவான். பெண் தோற்றால் கல்யாணம். வென்றவர்கள் பட்டமளிப்பு விழாவில் கறுப்பு அங்கி அணிந்து நின்றார்கள். பெரும்பாலோர் ஆசிரியப் பணிக்குப் போனார்கள். சிலர் மருத்துவத்துக்கும் சட்டத்துக்கும் போனார்கள். இரு கல்லூரிகளின் முதல்வர்களில் டி லா ஹே 1936 வரையிலும் மக்டூகல் 1938 வரையிலும் பொறுப்பில் இருந்தார்கள். ஒவ்வொருவரும் இருபது ஆண்டுக்குமேல் ஒரே கல்லூரியில் இருந்ததால், தாம் அனுப்பிய மாணவிகளின் மகள்களையும் சேர்த்துக்கொள்ளும் காலம்வரை கண்டார்கள்.

இதுவரை சொன்னது உள்ளே போனவர்களின் கதை. போக முடியாதவர்களின் கதை என்ன? கடற்கரை முஸ்லிம் ஊர்களில் பெண்கள் எழுத்தறியாதவர்களாக இருந்தார்கள் என்று எளிதாகச் சொல்லிவிடக் கூடாது. அதிராம்பட்டினம், நாகூர், காயல்பட்டினம் போன்ற ஊர்களில் பெண்கள் வீட்டிலேயே குர்ஆன் ஓதினார்கள். அரபுத்தமிழில் எழுதிய மார்க்க நூல்களைப் படித்தார்கள். அரபு எழுத்தில் தமிழைப் படித்த அந்தப் பெண்களை அரசின் கணக்கெடுப்பு எப்போதும் சரியாகக் கணக்கில் கொள்ளவில்லை. படிக்கும் ஆசை அவர்களிடம் இருந்தது. கல்லூரிதான் எட்டவில்லை.

அதற்கு ஓர் எடுத்துக்காட்டு நாகூரின் சித்தி ஜுனைதா பேகம். 1917 இல் பிறந்தவர். பள்ளியில் படித்தது மூன்றாம் வகுப்புவரை. வீட்டுக்குள் இருந்தபடியே படித்து, எழுதி, 1938 இல் ‘காதலா கடமையா’ என்ற நாவலை வெளியிட்டார். அதற்கு முன்னுரை தந்தவர் உ. வே. சாமிநாதையர். மூன்றாம் வகுப்போடு நின்ற ஒருவர் இதைச் செய்தார் என்றால், அவருக்கு ஒரு நூலகமும் நான்கு ஆண்டுக் கல்லூரியும் கிடைத்திருந்தால்? அவரைப் போல எழுதத் தெரிந்தும் எழுதாமல் போனவர்கள் எத்தனை பேர்?

அதிராம்பட்டினத்து வணிகர்கள் தோணியேறிப் போன இலங்கையில் கதை கொஞ்சம் முந்தியது. யாழ்ப்பாணத்து உடுவிலில் பெண்களுக்கான விடுதிப் பள்ளியை அமெரிக்க மிஷன் 1824 இலேயே தொடங்கிவிட்டது. 1913 இல் சேர் பொன்னம்பலம் இராமநாதன், மருதனார்மடத்தில் சைவப் பெண்களுக்காக விடுதியோடு ஒரு கல்லூரி அமைத்தார். தம் சமயச் சூழலிலேயே பெண் படிக்க இடம் கிடைத்ததும் சைவக் குடும்பங்கள் தயங்காமல் அனுப்பின. பாக்கு நீரிணையின் இரு கரையிலும் கண்ட உண்மை ஒன்றே: வீட்டாரின் அச்சம் தீர்ந்த இடத்தில் பெண் படித்தாள்.

காவிரிப் படுகைக்கு அந்த ஏற்பாடு தாமதமாகவே வந்தது. திருச்சியில் ஹோலி கிராஸ் கல்லூரி 1923 இல் தொடங்கியது. கும்பகோணம் அரசுக் கல்லூரி பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே புகழ்பெற்றது. ஆனால் அது ஆண்களின் கல்லூரி. தஞ்சாவூரில் பெண்களுக்கென்று குந்தவை நாச்சியார் அரசு மகளிர் கலைக் கல்லூரி வந்தது 1966 இல். அதிராம்பட்டினத்தில் காதிர் முகைதீன் கல்லூரி 1955 இல் தொடங்கியது. அதே ஆண்டில் சென்னையில் முஸ்லிம் பெண்களின் கல்வியை முன்னிறுத்தி எஸ்.ஐ.இ.டி. மகளிர் கல்லூரியும் தொடங்கியது. கேப்பர் இல்லத்தில் 37 பெண்கள் வகுப்பில் அமர்ந்து நாற்பத்தொரு ஆண்டு கழித்துத்தான் இந்தக் கடற்கரை ஊருக்கு ஒரு கல்லூரி வந்தது.

இந்த வரலாறு சொல்லும் முடிவு என்ன? பெண் படிக்க வேண்டும் என்று மேடையில் பேசியவர்கள் அந்தக் காலத்திலும் பலர் இருந்தார்கள். பேச்சால் மட்டும் ஒரு பெண்ணும் பட்டம் பெறவில்லை. பெற்றோர் நம்பும் விடுதி கிடைத்தபோது பெண் படித்தாள். போய்வர வண்டி கிடைத்தபோது படித்தாள். அவள் வழக்கத்துக்கு ஒத்த சாப்பாடு கிடைத்தபோது படித்தாள். வீட்டு வேலை குறுக்கிடாத இரண்டு மணி நேரம் கிடைத்தபோது படித்தாள். தோற்றால் இன்னொரு முறை எழுத இசைவு கிடைத்தபோது படித்தாள். இவற்றில் ஒன்று குறைந்தாலும் அவள் வீட்டோடு நின்றாள்.

இன்றும் பெண்ணின் படிப்பு நிற்கும் இடங்கள் ஏறத்தாழ இவையே. கல்லூரி மணிக்கு ஒத்துவராத பேருந்து, இருட்டிய பின் திரும்ப வேண்டிய வழி, இடமில்லாத விடுதி, தேர்வு நாளில் வரும் கல்யாணப் பேச்சு. இந்த அவையில் இருக்கும் பெற்றோர்களும் ஜமாஅத்துப் பெரியவர்களும் கல்வி நிறுவனங்களை நடத்துவோரும் மேடைப் பேச்சைச் சற்றுக் குறைத்துக்கொண்டு, இந்த ஊரின் பெண்களுக்கு ஒரு பேருந்தையும், ஒரு விடுதியையும், ஒவ்வொரு வீட்டிலும் இரவில் யாரும் கூப்பிடாத இரண்டு மணி நேரத்தையும் ஏற்படுத்திக் கொடுக்க வேண்டும். மீதியை அந்தப் பெண்கள் பார்த்துக்கொள்வார்கள்.